வெட்டிய முடிக்கு விலை சொல்வது யார்? – சலூன் விலைப்பலகையின் வரலாறு



போன கட்டுரையைப் போல இதுவும் பாடப்புத்தகத்தில் வராத வரலாறுதான். ஆனால் நாம் எல்லோரும் மாதம் ஒருமுறையாவது உட்கார்ந்து எழும் நாற்காலியின் வரலாறு.

அழகு நிலையத்தில் சண்டை தொடங்கும் இடம் பெரும்பாலும் பில் போடும் மேசைதான். "போர்டுல 300னுதானே போட்டிருக்கு, பில்லுல எப்படி 750 வந்துச்சு?" என்பார் வாடிக்கையாளர். "உங்க முடி ரொம்ப நீளம் மேடம், ரெண்டு டியூப் கலர் ஆயிடுச்சு, அப்புறம் ஜிஎஸ்டி இருக்கு" என்பார் கவுண்டரில் இருப்பவர். கேட்டுப் பார்த்தால் இரண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கும். வேலை செய்த பெண் மட்டும் சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றிருப்பார்.

துணிக்கடையில் வாங்கிய புடவை பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம். வெட்டிய முடியைத் திருப்பி ஒட்ட முடியாது. வாடிக்கையாளர் பணம் தர மறுத்தால், இரண்டு மணி நேரம் செய்த வேலையைக் கடைக்காரரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே இந்தத் தொழிலில் விலை என்பது வேலைக்கு முன்பே முடிவாக வேண்டிய ஒன்று. அதை யார் முடிவு செய்வது? அரசனா, ஊரா, சங்கமா, கடைக்காரரா, சட்டமா? உலகம் இந்தக் கேள்விக்கு 1700 ஆண்டுகளுக்கு மேலாக விதவிதமான விடைகளைச் சொல்லிப் பார்த்திருக்கிறது. அந்த விடைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பேரரசர் சொன்ன விலை

கி.பி. 301. ரோமப் பேரரசில் விலைவாசி தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்தது. காசில் இருந்த வெள்ளியின் அளவு குறைந்துகொண்டே போனதால் காசுக்கு மதிப்பில்லை. பேரரசர் டயோக்ளீஷியன் ஓர் ஆணை பிறப்பித்தார். கோதுமை, இறைச்சி, செருப்பு, துணி என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கும் வேலைகளுக்கும் அதிகபட்ச விலை இவ்வளவுதான் என்று கல்லில் வெட்டி ஊர் ஊராக வைத்தார்கள். மீறினால் மரண தண்டனை. அந்தக் கல்வெட்டுத் துண்டுகள் இன்றைய துருக்கியிலும் கிரேக்கத்திலும் கிடைத்திருக்கின்றன.

அந்தப் பட்டியலில் முடிதிருத்துபவரும் இருக்கிறார். ஓர் ஆளுக்கு 2 டினாரியஸ். அதே பட்டியலில் வயல் கூலியாளுக்கு நாளொன்றுக்குச் சாப்பாடு போக 25 டினாரியஸ், தச்சருக்குச் சாப்பாடு போக 50. அப்படியானால் ஒரு வயல் கூலியாளின் கூலிக் காசைச் சம்பாதிக்கவே முடிதிருத்துபவர் 13 தலைகளைப் பார்க்க வேண்டும். இன்னொரு வேடிக்கை, ஆட்டுக்கு ரோமம் கத்தரிப்பவருக்கும் ஓர் ஆட்டுக்கு அதே 2 டினாரியஸ்தான். அவருக்குச் சாப்பாடும் உண்டு, மனிதத் தலைக்குக் கத்தரி பிடித்தவருக்கு அது கிடையாது!

இதில் கவனிக்க வேண்டியது, விலை 'ஓர் ஆளுக்கு' என்பதுதான். வழுக்கைத் தலையோ சுருட்டை முடியோ, கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ, எல்லாம் ஒரே விலை. பெண்களின் கூந்தல் அலங்காரத்தின் கதையோ வேறு. ரோமப் பணக்காரப் பெண்களுக்கு வீட்டிலேயே 'ஆர்னாட்ரிக்ஸ்' எனப்படும் அடிமைப் பெண்கள் அதைச் செய்தார்கள். அடிமையின் வேலைக்குக் கூலி ஏது? பெண்களுக்கான அழகுக்கலை வேலை, விலையே இல்லாத வேலையாக இருந்தது.

ஆணை நிலைக்கவில்லை. அற்பப் பொருள்களுக்காக ரத்தம் சிந்தப்பட்டதாகவும், சரக்குகள் சந்தையிலிருந்து மறைந்துவிட்டதாகவும், கடைசியில் ஆணை கைவிடப்பட்டதாகவும் அக்காலத்தில் வாழ்ந்த லாக்டான்டியஸ் எழுதினார். அவர் பேரரசரின் எதிர்ப்பாளர், கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆணை தோற்றது உண்மை. நாற்காலியில் இருப்பவரையும் கத்தரி பிடித்தவரையும் கேட்காமல் மூன்றாவது ஆள் விலை சொன்னால் என்னவாகும் என்பதற்கு இது முதல் பாடம்.

நெல்லில் அளந்த கூலி

ரோமிலிருந்து நம் ஊருக்கு வருவோம். தமிழகக் கிராமங்களில் சென்ற நூற்றாண்டு வரை முடிதிருத்தும் வேலைக்கு, ஒரு தடவைக்கு இவ்வளவு என்று காசு வாங்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. நாவிதர் ஊருக்குப் பொதுவான தொழிலாளி. வீடு வீடாகப் போய் முடி வெட்டுவார், சவரம் செய்வார். அறுவடை முடிந்ததும் களத்துமேட்டில் அவருக்குரிய நெல்லை அளந்து போடுவார்கள். கல்யாணம், காது குத்து, சாவு எல்லாவற்றிலும் அவருக்குக் கடமைகளும் இருந்தன, அதற்கான வரும்படியும் இருந்தது. அந்தக் குடும்பத்துப் பெண்கள் மருத்துவச்சியாகப் பிரசவம் பார்த்தார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் இது விலைத் தகராறே இல்லாத ஏற்பாடு. 'இன்றைக்கு எவ்வளவு?' என்ற கேள்வியே இல்லை. ஆனால் தகராறு இல்லாததற்குக் காரணம் நியாயமான விலை அல்ல. நாவிதரால் பேரம் பேச முடியாது என்பதே காரணம். கூப்பிட்ட வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். விளைச்சல் குறைந்தால் கூலியும் குறையும். அளப்பவர் கையை இறுக்கினால் கேட்க நாதியில்லை.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஊருக்குப் பொதுவான தொழிலாளி என்றேன், அந்த 'ஊர்' என்ற சொல்லுக்குள் சேரி வராது. ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு முடி வெட்டக்கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. நாவிதரே விரும்பினாலும் முடியாது. அங்கே கையில் காசிருந்தும் பயனில்லை. விலையே சொல்லப்படாமல் மறுக்கப்படுவதுதான் எல்லா விலைத் தகராறுகளிலும் பெரிய தகராறு என்று எனக்குத் தோன்றுகிறது.

பிறகு நகரங்களிலும் கடைத்தெருக்களிலும் சலூன்கள் வந்தன. நாற்காலி, கண்ணாடி, சுவரில் விலைப்பலகை. கட்டிங் இவ்வளவு, ஷேவிங் இவ்வளவு. அந்தப் பலகையில் எழுதியிருந்தது விலை மட்டும்தானா? 'இந்தக் காசைக் கொடுக்கும் எவரும் இந்த நாற்காலியில் உட்காரலாம்' என்ற சேதியும் அதில் மறைந்திருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது, 17ஆவது பிரிவுகளும், 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டமும் அதற்குச் சட்ட வலு கொடுத்தன. தீண்டாமையைக் காரணம் காட்டி வேலை செய்ய மறுப்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. சட்டம் வந்த பின்பும் பல கிராமங்களில் சலூன் நாற்காலி மறுக்கப்பட்ட செய்திகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனாலும் நாவிதருக்கும் அந்தப் பலகை ஒரு விடுதலை. அவர் யார் வீட்டு வாசலிலும் காத்து நிற்க வேண்டாம், வாடிக்கையாளர்தான் அவர் கடைக்கு வந்து பெஞ்சில் காத்திருக்க வேண்டும். அந்தப் பெஞ்சில் திராவிட இயக்கப் பத்திரிகைகள் உரக்க வாசிக்கப்பட்டதும், சலூன் ஓர் அரசியல் பள்ளிக்கூடமாக ஆனதும் தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

தலைக்கு இவ்வளவு என்றில்லாமல் மொத்தமாகக் கூலி கொடுக்கும் முறை இன்னும் முழுதாகச் சாகவில்லை. 2016இல் பிரான்ஸ் நாட்டில் ஒரு பரபரப்பு. அதிபர் ஹொலாந்தின் முடிதிருத்துநருக்கு அரசுப் பணத்திலிருந்து மாதம் 9,895 யூரோ சம்பளம் கொடுப்பது வெளியே வந்தது. அவருக்கும் எப்போது கூப்பிட்டாலும் வர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வேலை நிபந்தனை நம் ஊர் நாவிதருக்கு இருந்ததேதான். பேரம் பேசும் பலம்தான் வேறு!

கலையா, கைவேலையா?

விலைச் சண்டைக்குள் இன்னொரு சண்டை ஒளிந்திருக்கிறது. கத்தரி பிடிப்பது கைவேலையா, கலையா? கைவேலை என்றால் நேரத்துக்குக் கூலி. கலை என்றால் கலைஞர் சொன்னதே விலை.

இந்தக் கேள்வி பாரிஸில் 1769இல் வழக்காகவே வந்தது. அங்கே சவரத் தொழிலாளர்களும் டோப்பா செய்பவர்களும் சேர்ந்த தொழிற்குழு ஒன்று இருந்தது. முடி சம்பந்தமான வேலை எல்லாம் தங்கள் உரிமை என்றது அந்தக் குழு. பெண்களுக்குக் கூந்தல் அலங்காரம் செய்துவந்த புதிய கலைஞர்கள் இதை எதிர்த்தார்கள். மழிப்பதும் டோப்பா விற்பதும் இயந்திரம் போன்ற வேலை, நாங்கள் செய்வதோ ஓவியரும் சிற்பியும் செய்வது போன்ற கலை, ஆகவே அந்தக் குழுவின் விதி எங்களைக் கட்டாது என்பது அவர்கள் வாதம். முகத்தின் அமைப்பு, நிறம், அணியும் உடை எல்லாவற்றையும் பார்த்தல்லவா நாங்கள் அலங்காரம் செய்கிறோம் என்றார்கள்.

அன்று அவர்கள் சொன்ன வாதத்தைத்தான் இன்றைய அழகு நிலையங்களும் சொல்கின்றன. ஒரே கடையில் புதிதாகச் சேர்ந்தவர் வெட்டினால் ஒரு விலை, 'சீனியர் ஸ்டைலிஸ்ட்' வெட்டினால் வேறு விலை, 'கிரியேட்டிவ் டைரக்டர்' வெட்டினால் அதற்கும் மேல். தவறில்லை. ஆனால் ஓவியர் படத்தை வரைந்து முடித்துச் சுவரில் மாட்டிய பிறகு நாம் பார்த்து வாங்குகிறோம். இங்கே வரையப்படும் துணியே நம் தலை!

அதே பாரிஸில் 1852இல் அரிஸ்டீட் பூசிக்கோ என்பவர் 'பான் மார்ஷே' கடையில் பங்குதாரராகச் சேர்ந்தார். பேரம் கிடையாது, எல்லாப் பொருளிலும் விலைச்சீட்டு, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற முறையைப் பரப்பிய கடைகளில் முதன்மையானது அது. இன்றைய பெரிய கடைகளின் முன்னோடி. இதில் விலைச்சீட்டைச் சலூன் எடுத்துக்கொண்டது. திருப்பித் தருவதை எடுத்துக்கொள்ள முடியவில்லை. சலூன் விலைத் தகராறின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பெண்கள் நாற்காலிக்கு வந்தபோது

1906ஆம் ஆண்டு லண்டனில் கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர், முடியில் நிரந்தரமாகச் சுருள் போடும் முறையைப் பொதுவில் செய்துகாட்டினார். கனமான பித்தளை உருளைகளில் முடியைச் சுற்றிச் சூடேற்றுவார்கள். கனம் தலையை அழுத்தாமலிருக்க மேலிருந்து கட்டித் தொங்கவிடுவார்கள். ஒருமுறை செய்ய ஆறு மணி நேரம் வரை ஆகும். சோதனைக்குத் தலை கொடுத்தவர் அவர் மனைவி. ஆரம்பச் சோதனைகளில் அவருடைய முடி கருகியே போனதாம். இந்த மாதிரி வேலைக்குத் 'தலைக்கு இவ்வளவு' என்று ரோமக் கணக்குப் போட முடியாது. நேரம், மருந்து, ஆபத்து மூன்றும் விலைக்குள் வந்துவிட்டன. இன்று ஸ்ட்ரெய்ட்டனிங், கலரிங், கெராட்டின் என்று நாம் பார்க்கும் பெரிய பில்களின் தொடக்கம் இது.

அடுத்த மாற்றம் இதற்கு நேர் எதிர்த்திசையில் வந்தது. 1915 வாக்கில் நடனக் கலைஞர் ஐரீன் காசில் தன் கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொண்டார். 1920களில் அமெரிக்கப் பெண்கள் கூட்டம் கூட்டமாக அதைப் பின்பற்றினார்கள். நீளக் கூந்தலை அலங்கரிக்கப் பழகிய பெண்கள் நிலையங்களில் பலருக்குக் குட்டையாக வெட்டத் தெரியவில்லை, வெட்ட மனமும் இல்லை. ஆகவே பெண்கள் ஆண்களின் சலூனுக்கே போய் வரிசையில் நின்றார்கள். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் 1920இல் எழுதிய 'பெர்னிஸ் பாப்ஸ் ஹெர் ஹேர்' கதையில் கதாநாயகி முடி வெட்டிக்கொள்வதும் ஆண்களின் சலூனில்தான். வெட்டி முடித்த கணமே அவளுக்குத் தன் தவறு புரிகிறது. ஆனால் அதற்குள் முடி தரையில் கிடக்கிறது.

ஆணும் பெண்ணும் ஒரே நாற்காலியில், ஒரே கத்தரியின் கீழ் உட்கார்ந்ததும் ஒரு புதுக் கேள்வி வந்தது. இருவருக்கும் குட்டை முடி, ஒரே நேரம் ஆகிறது. விலை ஒன்றா, இரண்டா?

அடிமாட்டு விலைப் போட்டி

அந்தக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் 1929இன் பொருளாதார வீழ்ச்சி வந்துவிட்டது. வேலையில்லாதவர்கள் முடி வெட்டுவதையும் தள்ளிப்போட்டார்கள். சலூன்கள் ஒன்றோடொன்று போட்டியிட்டு விலையைக் குறைத்தன. முன்பு வாடிக்கையாளர்தான் 'விலை அதிகம்' என்றார், இப்போது தொழிலாளி 'விலை போதாது' என்றார்.

அமெரிக்காவில் 1887லேயே முடிதிருத்தும் தொழிலாளர் சங்கம் தோன்றியிருந்தது. அதன் அட்டை தொங்கும் கடைகளில் சங்கக் கூலி கிடைக்கும் என்பது பொருள். 1930களில் பல மாநிலங்கள் ஒரு படி மேலே போய், முடி வெட்டக் குறைந்தபட்ச விலையைச் சட்டப்படி நிர்ணயித்தன. ரோமில் அரசு சொன்னது உச்ச விலை, இங்கே அரசு சொன்னது அடிமட்ட விலை. காரணமாகச் சொன்னது சுகாதாரம். மிகக் குறைந்த விலைக்கு வெட்டினால் துண்டைத் துவைக்கவும் கத்தியைச் சுத்தப்படுத்தவும் காசு மிஞ்சாது, நோய் பரவும் என்றார்கள். லூசியானா மாநில உச்ச நீதிமன்றம் 1938இல் இந்த வாதத்தை ஏற்றது. வேறு சில மாநில நீதிமன்றங்கள், இது சலூன்காரர்கள் தங்களுக்குள் விலை பேசிக்கொள்ளும் தந்திரம் என்று தள்ளிவிட்டன.

நம் ஊரிலும் இதன் சாயல் உண்டு. முடிதிருத்துவோர் சங்கம் அச்சடித்துக் கொடுத்த விலைப்பட்டியல் பல சலூன் சுவர்களில் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஊரில் எல்லாக் கடையிலும் ஒரே விலை, செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் விடுமுறை. 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டப்படி, போட்டியாளர்கள் சேர்ந்து விலை பேசிக்கொள்வது தவறு என்றே கருதப்படும். பெரிய கம்பெனிகள் கூடி விலை ஏற்றுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும், சரி. ஆனால் ஒற்றை நாற்காலி வைத்துப் பிழைப்பவர்கள் ஒன்றுசேர்ந்து 'இதற்குக் கீழே வெட்ட மாட்டோம்' என்பதும் கம்பெனிகளின் சதியும் ஒன்றா? நம் வகுப்பில் விவாதிக்க வேண்டிய கேள்வி இது.

அந்தச் சங்கப் பட்டியல் தகராறை நன்றாகவே குறைத்தது. கடைக்காரர் பட்டியலைக் கை காட்டினால் போதும். 'நான் வைத்த விலை இல்லை அண்ணே, சங்கத்துல வச்சது' என்றால் பேச்சு முடிந்தது.

ஆணுக்கொரு விலை, பெண்ணுக்கொரு விலை

பாதியில் விட்ட கேள்விக்கு வருவோம். 1994இல் கலிஃபோர்னியா சட்டமன்றத்தின் ஆய்வுப் பிரிவு ஒரு கணக்குப் போட்டது. ஒரே மாதிரியான சேவைகளுக்கு ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாகக் கொடுக்கும் தொகை ஆண்டுக்குச் சராசரியாக 1,351 டாலர் என்றது. முடி வெட்டுதல், சலவை, தையல் திருத்தம் போன்றவையே முக்கியக் குற்றவாளிகள். இதன் விளைவாக 1995இல் சட்டம் நிறைவேறி 1996 முதல் நடைமுறைக்கு வந்தது. பெண் என்ற ஒரே காரணத்துக்காக அதிக விலை வாங்கக்கூடாது. நியூயார்க் நகரமும் 1998இல் இதே போன்ற சட்டம் கொண்டுவந்தது.

சலூன்காரர்கள் சும்மா இருப்பார்களா? 'பெண்கள் முடிக்கு அதிக நேரம் ஆகிறதே' என்றார்கள். சட்டம் அதற்கும் இடம் கொடுத்திருந்தது. ஆகும் நேரம், வேலையின் கடினம், செலவு இவற்றை வைத்து விலையை மாற்றலாம். ஆணா பெண்ணா என்பதை வைத்து மாற்றக்கூடாது. தோள் வரை முடி வைத்த ஆணுக்கும் அதே விலை, கிராப் வெட்டிய பெண்ணுக்கும் கிராப் விலை.

2001இல் சட்டத்தைத் திருத்தி ஒரு பலகையையும் கட்டாயமாக்கினார்கள். சலூன், தையற்கடை, சலவைக்கடை மூன்றும் தாங்கள் அதிகம் செய்யும் 15 சேவைகளின் விலையை எல்லோருக்கும் தெரியும்படி மாட்ட வேண்டும். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதுகூடச் சட்டத்தில் இருக்கிறது. 14 பாயின்ட்டுக்குக் குறையக்கூடாது, தடித்த எழுத்தாக இருக்க வேண்டும்.

டயோக்ளீஷியன் விலையைச் சொன்னார். கலிஃபோர்னியா விலையைச் சொல்லவில்லை. 'விலையை நீயே வைத்துக்கொள், ஆனால் முன்கூட்டிச் சொல், வித்தியாசம் இருந்தால் காரணத்தோடு சொல்' என்றது. 1700 ஆண்டுகளில் நடந்த முன்னேற்றம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

பத்து நிமிடம், ஒரு டிக்கெட்

ஜப்பானில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். 1996இல் டோக்கியோவில் 'கியூபி ஹவுஸ்' என்ற கடை தொடங்கியது. பத்து நிமிடம், 1,000 யென், முடி வெட்டுதல் மட்டும். ஷாம்பு, சவரம், மசாஜ் எதுவும் கிடையாது. வெட்டிய துணுக்குகளை ஒரு குழாய் உறிஞ்சி எடுத்துவிடும். உள்ளே நுழைந்ததும் இயந்திரத்தில் பணம் போட்டு டிக்கெட் எடுக்க வேண்டும், அதைக் கொடுத்தால்தான் கத்தரி எழும். பில் போடும் மேசையே இல்லாதபோது அங்கே சண்டை எப்படி வரும்?

பழைய சலூன்காரர்கள் எதிர்த்தார்கள். தலை கழுவும் தொட்டி இல்லாத கடை சுகாதாரக் கேடு என்றார்கள், சில மாகாணங்கள் அதற்கு விதியும் போட்டன. 1930களின் அமெரிக்காவில் கேட்ட அதே சுகாதார வாதம்! ஆனாலும் கடை வளர்ந்து 2002இல் சிங்கப்பூருக்கும் போனது. 2019இல் விலை 1,200 யென் ஆனபோதும் முறை மாறவில்லை, முதலில் டிக்கெட்தான்.

இதிலும் ஒரு குறை உண்டு. எல்லாத் தலையும் பத்து நிமிடத் தலை ஆகிவிடுகிறது. கலரிங்கும் மணப்பெண் அலங்காரமும் டிக்கெட் இயந்திரத்துக்குள் அடங்காது.

எம்ஆர்பி பழகிய நமக்கு

நம் நாட்டில் சலூன் பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடைவதற்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. 1990 முதல் பொட்டலப் பொருள்களில் எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்பது விதி. சோப்போ பிஸ்கட்டோ, அட்டையில் போட்டதற்கு மேல் ஒரு பைசா கிடையாது. ஒரு தலைமுறையே இதில் வளர்ந்துவிட்டது. பலகையில் 500 என்றால் 500 கொடுத்தால் போதும் என்றே நம் மனம் நினைக்கும்.

சேவைகளுக்கு எம்ஆர்பி கிடையாது. 2002இல் பியூட்டி பார்லர்கள் சேவை வரிக்குள் வந்தன. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது 18 சதவீதம் ஆயிற்று. பலகையில் 1,000 என்றிருந்தது பில்லில் 1,180 ஆனது. தெருமுனைச் சலூனில் வருமானம் வரம்புக்குக் கீழே என்பதால் வரி இல்லை, ஏசி பார்லரில் உண்டு. ஒரே கட்டிங்குக்கு இரு கடைகளில் இரு விதக் கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வரி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. ஆனால் கடைக்காரர் தான் வாங்கும் பொருள்களுக்கும் கட்டும் வாடகைக்கும் கொடுத்த வரியை இனிக் கழித்துக்கொள்ள முடியாது. '13 சதவீதம் குறையணுமே, ஏன் குறையலை?' என்று வாடிக்கையாளர் கேட்பார். 'என் செலவு ஏறிடுச்சே' என்பார் கடைக்காரர். இதிலும் இரண்டு பேர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

1986இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் நமக்குத் தேவையான ஒரு வரி உண்டு. இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்ட விலைக்கு மேல் வாங்கினால் அது புகாருக்குரிய காரணம். பேசி ஒப்புக்கொண்ட விலை என்று ஒன்று இருந்தால்தானே இந்த வரி உதவும்? யாரும் வாய் திறந்து பேசவே இல்லை என்றால் ஆணையத்துக்குப் போய் எதைக் காட்டுவது?

வரலாறு சொல்லும் பாடம்

இவ்வளவு நீண்ட வரலாற்றைப் படித்துவிட்டு நான் புரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, பலகையில் '300 முதல்' என்று எழுதுகிறார்களே, அந்த 'முதல்' என்ற ஒரு சொல்தான் பாதிச் சண்டைக்குக் காரணம். 'முதல்' என்று எழுதினால் 'வரை' என்றும் எழுத வேண்டும். தோள் வரை இவ்வளவு, இடுப்பு வரை இவ்வளவு, வரியோடு இவ்வளவு.

இரண்டாவது, வேலை நடுவில் விலை மாறினால் கையை நிறுத்திவிட்டுக் கேட்க வேண்டும். 'இன்னொரு டியூப் தேவைப்படுது, 250 கூடும், போடட்டுமா?' என்று ஒரு கேள்வி. அரை நிமிடம்தான் ஆகும். வாடிக்கையாளருக்கும் அதே கடமை உண்டு. 'இது சேர்ந்ததா, தனியா?' என்று கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

மூன்றாவது, தகராறு வந்தே விட்டால் அது விலைச் சண்டையா, வேலைச் சண்டையா என்று முதலில் பிரிக்க வேண்டும். விலையை முன்னால் சொல்லவில்லை என்றால் பலகையில் உள்ளதை மட்டும் வாங்குவதுதான் நியாயம், நஷ்டம் கடைக்கு. சொல்லி ஒப்புக்கொண்ட விலை என்றால் வாடிக்கையாளர் கொடுக்கத்தான் வேண்டும். வேலை சரியில்லை என்றால் இலவசமாகச் சரிசெய்து தருவது வேறு கணக்கு. இரண்டையும் கலந்து 'சரி, 200 குறைச்சுக்கோங்க' என்று முடித்தால் வாடிக்கையாளருக்கும் திருப்தி வராது, கடைக்கும் அடுத்த முறை அதே சண்டைதான்.

நான்காவதாக ஒன்று. இதை யாரும் பேசுவதில்லை. பல பார்லர்களில் வேலை செய்பவருக்குச் சம்பளம் கொஞ்சம், பில் தொகையில் கமிஷன் கொஞ்சம். முதலாளி பெருந்தன்மையாக 200 ரூபாய் குறைக்கும்போது கமிஷனும் சேர்ந்து குறைகிறது. விலையை வைத்தவர் அவரில்லை, பலகை எழுதியவர் அவரில்லை, நஷ்டத்தில் மட்டும் அவருக்குப் பங்கு. ரோமில் 2 டினாரியஸ் வாங்கியவரும், களத்துமேட்டில் நெல்லுக்குக் காத்து நின்றவரும், இன்று சீப்போடு ஒதுங்கி நிற்பவரும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். தள்ளுபடியைக் கடைக் கணக்கில் போட்டு, அவர் கமிஷனை முழுத் தொகைக்குக் கொடுக்கும் முதலாளியே உண்மையில் தகராறைத் தீர்த்தவர்.

அடுத்த முறை நாற்காலியில் உட்காரும்போது, துணியைப் போர்த்துவதற்கு முன் "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டுவிடுங்கள். உங்கள் தாத்தா பாட்டியிடம் நெல் அளந்த காலத்துக் கதைகள் இருந்தால் கேட்டு எழுதுங்கள், எந்த ஊர், எவ்வளவு நெல், எப்போது நின்றது என்ற விவரங்களோடு. இந்தக் கட்டுரையில் நம் ஊர்ப் பகுதிதான் இன்னும் நிறைய எழுதப்பட வேண்டியிருக்கிறது.